அரை மணி நேர விசேஷம்

எனக்கு வாடை ஆகாது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். என் வீட்டுக்காரி நூருன்னிசா கருவாடு பொரிக்க வேண்டுமென்றால் நான் பள்ளிக்குத் தொழப் போகிற நேரம் பார்த்துத்தான் அடுப்பில் வைப்பாள். அப்படியும் திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்ன கருவாடு என்று சொல்லிவிடுவேன். மீனை அழுகவிட்டு ங்கப்பி என்று பெயர் வைத்து அதில்லாமல் சோறு இறங்காத இந்த ரங்கூனில் இப்படி ஒரு மூக்கோடு அறுபது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். யாரிடமும் முகம் சுளித்ததில்லை. என் தொழில் அப்படி.

பாரி தம்பி, நீங்கள் கேட்டது இதையல்ல, தெரியும். கட்சிக்காரர்கள் என்னைத் தேர்தலில் நிறுத்தப் போகிறார்கள். அதற்கு முன்னால் எதிராளி தோண்டி எடுக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லிவிடச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் வேலை பார்த்த பாலா உங்களைத் தேடி வந்து ஏதோ சொன்னான் என்றும் சொன்னீர்கள். நீங்கள் வக்கீல், இந்த அறையைத் தாண்டிப் போகாது என்று வாக்குக் கொடுத்தீர்கள். பேனாவை மூடி வைத்ததையும் கவனித்தேன். நல்லது. கான்யின்குவின் கிராமத்து விஷயத்தைச் சொல்கிறேன். டீ ஆறிவிடப் போகிறது, குடியுங்கள்.

எங்கள் தொழில் வாப்பா தொடங்கியது. பந்தல், நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு, ஒலிபெருக்கி எல்லாம் வாடகைக்கு. சோஷலிச காலத்தில் விவசாயிகள் தினத்துக்கும் தொழிலாளர் தினத்துக்கும் நாங்கள்தான் மேடை போடுவோம். எண்பத்தெட்டு ஆகஸ்டில் மாணவர்கள் வந்து எங்கள் நாற்காலிகளைப் போராட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். செப்டம்பரில் ராணுவம் வந்து எடுத்துப் போனது. இரண்டு கூட்டமும் திருப்பித் தந்தபோது காலொடிந்த நாற்காலிகள் ஏறக்குறைய சமமாக இருந்தன. அரசியல் பற்றி நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் சோஷலிசம் இல்லையென்று ரேடியோவில் சொன்னார்கள். அதே ஆபீசர்கள், அதே தொப்பை; தலையில் மட்டும் கோல்ஃப் தொப்பி. தோழர் என்று கூப்பிட்டவன் பார்ட்னர் என்று கூப்பிட்டான். மேடைக்குப் பின்னால் கட்டுகிற சிவப்புத் துணியிலிருந்து எழுத்துகளை நூருன்னிசா உட்கார்ந்து பிரித்தெடுத்தாள். அந்தத் துணியை ஒரு ஷாம்பு கம்பெனி விழாவுக்குக் கட்டினோம். வெயில் படாத இடத்தில் சாயம் போகவில்லை. தலைமுடியை விரித்துப் போட்டுச் சிரிக்கிற பெண்ணின் படத்துக்கு மேலே 'உழைக்கும் மக்கள்' என்று நிழல் மாதிரித் தெரிந்தது. ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் இலவச ஷாம்பு பாக்கெட் மேல்தான் கண்.

அந்தக் காலத்துப் பழக்கம்தான் சேர்மன் ஊ போ டின். அரசாங்க நெல் கொள்முதல் டிப்போவில் தராசு பிடித்தவர். கால் பெருவிரலைத் தட்டில் வைத்தே நெல் நிறுப்பார் என்று விவசாயிகள் சொல்வார்கள். எண்பத்தெட்டுக்குப் பிறகு ஆற்றுக்கு அக்கரைப் பக்கத்துக்கே சேர்மன் ஆனார். டிப்போவின் நெல் கிடங்கு அவர் மச்சினன் பேருக்கு மாறியது. மனிதர் வாய் நிறைய வெற்றிலையோடு முகத்துக்கு நேரே பேசுவார், கார் சாவியால் காது குடைவார், அதே கையை நீட்டிக் கை குலுக்குவார். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுவேன். ஆனால் கையை நீட்டாமல் இருந்ததில்லை. அவர் இல்லாமல் இந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மூங்கில் நட முடியாது.

கான்யின்குவின் அங்கேதான் இருக்கிறது. டாலா படகுத்துறையில் இறங்கி, அதற்கப்பால் ஓடையில் இன்னொரு படகு பிடித்துப் போக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் வந்து வயலில் இறங்கிய தமிழ் ஜனங்கள். என்னிடம் மேஸ்திரியாக இருந்த பாலா அந்த ஊர்தான். அவன் அம்மா பவுனம்மாளும், தங்கை ராணியும், ராணியின் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். சேர்மன் கிடங்குக்குக் காவல் நல்லையா என்கிற பெரியவர். ஊர் மாரியம்மன் கோயில் சாவியும் கிடங்குச் சாவியும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும். பர்மிய பாஷை சுத்தமாகப் பேசுவார். ஊரில் யார் என்ன சொன்னாலும் ஒரு தரம் நல்லையாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

இரண்டாயிரத்து எட்டு மே மாதம் புயல் அடித்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலா ஊருக்குப் போய்விட்டு வந்தான். அம்மாவும் தங்கையும் பிள்ளைகளும் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள், தங்கை புருஷனைக் காணவில்லை என்றான். தார்ப்பாய் கேட்டான். கொடுத்தேன். பழையதுதான், ஆனாலும் கொடுத்தேன். அப்புறம் நானே ஒரு நாள் போய்ப் பார்த்தேன்.

வாடை ஓடைத் திருப்பத்திலேயே வந்துவிட்டது. ஊறிய நெல், உப்பிய எருமை, வேறு என்னென்னவோ. கைக்குட்டையில் அத்தர் தொட்டு மூக்கில் வைத்துக்கொண்டேன். ஜனங்கள் கரையில் வந்து நின்றார்கள். கால்களில் சேற்றுப்புண், கண்ணில் பீளை, பிள்ளைகளின் தலையில் ஈ. ஒரு கிழவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாவம் என்று எனக்குத் தெரியும். தெரிவது வேறு, பக்கத்தில் நிற்பது வேறு. திரும்பி வருகிற வழியில் படகுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தேன்.

நிவாரண அரிசி வந்தது. எந்த நாட்டு அரிசி என்று மூட்டையில் போட்டிருந்ததை சேர்மன் ஆட்கள் பெயின்ட் அடித்து மறைத்தார்கள். ஏற்றி இறக்கியது என் படகுகள். கொஞ்சம் ஜனங்களுக்குப் போனது. மீதி கிடங்குக்குப் போனது. அதில் ஒரு பங்கு எனக்கு என்று சேர்மன் சொன்னார். என் பங்கோடு இன்னும் கொஞ்சத்தையும் சேர்த்து, கிடங்கின் பின் பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கி வைத்தேன். அது சேர்மனுக்குத் தெரியாது. அவர் தராசில் பெருவிரலை வைத்தது அவருக்கு மேலே இருந்தவர்களுக்குத் தெரியாத மாதிரி.

பிறகுதான் அந்த விசேஷம் வந்தது. மேலே இருக்கிற பெரியவர் ஒருவர் வருகிறார், கூடவே வெளிநாட்டு ஆட்கள், கேமரா. எந்த ஊரைக் காட்டுவது என்று யோசித்து, படகுக்கு வசதி என்று கான்யின்குவினைச் சொல்லிவிட்டார்கள். சேர்மன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு பர்மியப் பெயர் மியிண்ட். அவர் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

“கோ மியிண்ட், அரை மணி நேரம்தான். வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். நீ எத்தனை கல்யாணம் நடத்தியிருக்கிறாய். இதுவும் ஒரு விசேஷம் என்று நினைத்துக்கொள்.”

நினைத்துக்கொண்டேன். நான் எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. சுத்தமான மேட்டுநிலமாகப் பார்த்து நீலக் கூடாரங்களை ஒரே வரிசையில் அடித்தோம். ஒவ்வொரு கூடாரத்திலும் புதுப் பானை, புதுப் பாய், கொசுவலை. பானையில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கிழிக்க ஒரு ஆளையே போட்டேன். மருத்துவக் கூடாரத்துக்கு டாக்டர் கிடைக்கவில்லை. பல் டாக்டர் ஒருவரைப் பிடித்து ஸ்டெதஸ்கோப்பை மாட்டிவிட்டோம். மின்சாரமே இல்லாத ஊரில் ஒரு டி.வி.யும் வைக்கச் சொன்னார் சேர்மன். வைத்தோம்.

ஆட்கள்தான் பிரச்சினை. ஒத்திகை பார்க்கலாம் என்று ஊர் ஜனங்களை வரிசையில் நிறுத்தினோம். சேர்மன் ஒரு தடவை நடந்து பார்த்தார். ஒரு பெண் அவர் காலில் விழுந்து அழுதாள். இன்னொருத்தி பிள்ளையின் புண்ணைத் திறந்து காட்டினாள். ஒரு கிழவன் அரிசி எங்கே என்று தமிழில் கேட்டான். சேர்மன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, இதுகளைக் காட்டினால் என் நாற்காலி போய்விடும், வேறு ஆளைக் கொண்டு வா என்று சொன்னார்.

கிமிண்டைங் துறைமுகத்துப் பக்கம் ஒரு நாடகக் குழு இருந்தது. புயலால் திருவிழாக்கள் நின்றுபோய் வேலையில்லாமல் கிடந்தார்கள். அவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கூடாரத்தில் உட்கார வைத்தேன். அதுவும் லேசில் நடக்கவில்லை. விதவை வேஷம் யாருக்கு என்று இரண்டு நடிகைகளுக்குள் சண்டை. கோமாளிக்கு முன் பல் தங்கம். வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்தேன். கதாநாயகன் பவுடர் போடாமல் வெளியே வரமாட்டேன் என்றான். ஒத்திகையில் எல்லோரும் அவ்வளவு உருக்கமாக அழுதார்கள், கூலி பேசிய எனக்கே அது வேஷம் என்பது மறந்துபோனது. சேர்மன் பார்த்துவிட்டு, அழக்கூடாது, எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சிரிக்க வேண்டும் என்றார். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒத்திகை பார்த்தோம். அழுகை அவர்களுக்குச் சுலபமாக வந்தது, சிரிப்புத்தான் வரவில்லை.

உண்மையான ஜனங்களை அந்த அரை மணி நேரம் எங்கே வைப்பது. படகில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பலாம் என்றால் படகெல்லாம் விருந்தாளிகளுக்கு ஒதுக்கியாகிவிட்டது. மடம் கூரை இல்லாமல் நின்றது. கோயில், நாங்கள் போட்ட மேடைக்கு நேர் எதிரே. வயலுக்குப் போகச் சொன்னால் கேமரா வந்ததும் ஓடி வந்துவிடுவார்கள். நான்கு சுவரும் கூரையும் கதவும் இருந்த கட்டடம் கிடங்கு ஒன்றுதான். நீங்களே யோசித்துப் பாருங்கள் தம்பி, நீங்களானாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

நல்லையாவிடம் போனேன். விருந்தாளிகள் போனதும் கிடங்கிலேயே வைத்து ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுக்கப் போகிறோம், வெளியே கொடுத்தால் பக்கத்து ஊர்க்காரன் பறித்துக்கொள்வான், அதனால் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தால் நல்லது என்று சொன்னேன். அவர் நம்பினார். என்னிடம் கை ரேகையா வாங்கினார், நம்பினார், அவ்வளவுதான். அவரே வீடு வீடாக, இல்லை, வீடு ஏது, தார்ப்பாய் தார்ப்பாயாகப் போய்ச் சொன்னார்.

விசேஷத்தன்று காலையில் பாலாவை டாலா படகுத்துறைக்கு அனுப்பிவிட்டேன். விருந்தாளிகளை வரவேற்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றேன். அவன் அம்மா உள்ளே போவதை அவன் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. அதை என் நல்ல மனசு என்றுகூடச் சொல்லலாம்.

ஜனங்கள் வந்தார்கள். கிழடுகள், பிள்ளைக்காரிகள், காய்ச்சல்காரர்கள். நடக்கத் தெம்பிருந்தவர்கள் ஏற்கெனவே கூலி தேடி டாலாவுக்குப் போயிருந்தார்கள். ராணி ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் கொண்டுவந்தாள். பவுனம்மாள் வாசலில் நின்றுவிட்டாள்.

“ஏன் முதலாளி உள்ளாற? இங்கனயே நின்னு வாங்கிக்குறோமே.”

“வெயில்ல நிக்க வேணாம்னுதான் ஆத்தா. செத்த நேரம் உக்காருங்க.”

“பாலா எங்க?”

“வந்துருவான்.”

அவள் பேரப்பிள்ளையின் தலையைத் தன் கையால் மறைத்தபடி நிலைப்படி தாண்டிப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். நல்லையா சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. தாழ் போதாதா என்றார். பூட்டிவிடுங்கள், பிள்ளைகள் வெளியே ஓடிவிடும் என்றேன். அவர் பூட்டியதும் சாவி வளையத்தை நான் வாங்கிக்கொண்டேன். அவரை வேட்டி மாற்றச் சொல்லி முதல் கூடாரத்தில் உட்கார வைத்தோம். ஊரின் சார்பில், வருகிற பெரியவரிடம் பர்மியத்தில் இரண்டு வார்த்தை பேச ஆள் வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் உண்மையான ஆள் அவர் ஒருவர்தான்.

பெரியவர் வரவில்லை. ஹெலிகாப்டருக்கு மழை மேகம் சரியில்லை என்றார்கள். பிறகு வேறு ஊரில் இறங்கிவிட்டார் என்றார்கள். பிறகு வருகிறார் என்றார்கள். காலை போய் வெயில் ஏறியது. நடிகைகள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோமாளி பிஸ்கெட் பாக்கெட்டைத் திருடித் தின்று மாட்டிக்கொண்டான்.

கிடங்கின் பக்கமிருந்து கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் சாதாரணமாகத் தட்டினார்கள், வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. நல்லையா எழுந்து, போய்ப் பார்க்கட்டுமா என்றார். அரிசிக்கு அவசரப்படுகிறார்கள், இப்போது திறந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்றேன். உட்கார்ந்தார். அப்புறம் பலமாகத் தட்டினார்கள். அந்த நேரம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி ஆளைக் கூப்பிட்டுத் தேசபக்திப் பாட்டைப் போடச் சொன்னேன். சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். இன்னும் கூட்டு என்று இரண்டாம் தடவையும் நான்தான் சொன்னேன்.

விசேஷம் நன்றாக நடந்தது. அதில் எனக்குக் குறையில்லை. பெரியவர் கூடாரம் கூடாரமாகக் குனிந்து பார்த்தார். ஒரு நடிகையிடம், உன் வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார். அவள் சொல்லிக்கொடுத்தபடி, யாரும் போகவில்லை, எல்லோரும் சௌக்கியம் என்று சிரித்தாள். பெரியவரும் சிரித்தார். வெளிநாட்டுக்காரன் ஒருவன் வெயிலில் இறால் மாதிரி சிவந்து, வேர்வை நாற்றத்தோடு என் பக்கத்தில் நின்று படம் எடுத்தான். ஏன் எல்லாப் பானையும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்டான். அரசாங்கம் எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்று சேர்மன் பதில் சொன்னார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அதோடு கிளம்பியிருந்தால் ஒன்றுமில்லை. பெரியவர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். பிரியாணி என் ஏற்பாடுதான். என் பந்தலில், என் தட்டில் சாப்பிட்டார்கள். பெரியவர்கள் சாப்பிடும்போது பந்தல்காரன் எழுந்து போக முடியாது. சேர்மன் என் தோளில் கைபோட்டு உட்கார வைத்துக்கொண்டார். விரல்களை நக்கிக்கொண்டே ஏப்பம் விட்டார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் நிறுத்திக் கேட்டபோது தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஹெலிகாப்டர் ஏறின பிறகு நல்லையாதான் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். கதவில் சாய்ந்திருந்தவர்கள் வெளியே சரிந்து விழுந்தார்கள். ராணி கதவின் அடி இடுக்கில் வாயை வைத்துப் படுத்திருந்தாள், மூச்சு இருந்தது. அவள் தனக்குப் பக்கத்தில் அந்த இடுக்கிலேயே இரண்டு பிள்ளைகளின் வாயையும் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. பவுனம்மாள் உள்ளே தூரத்தில் கிடந்தாள். பாதிப் பேருக்கு மேல் பிழைத்து ஊர்ந்து வந்து வெளியே வாந்தியெடுத்தார்கள். எத்தனை பேர் மவுத்து என்று நான் எண்ணவில்லை. சாயங்காலம் பாலா வந்து எண்ணினான்.

தம்பி, எதிராளி தோண்ட நினைக்கிற இடம் இதுதான். மூச்சுமுட்டல் என்று சேர்மன் சொன்னார். அது இல்லை.

அரிசி மூட்டையில் வண்டு விழுந்திருந்தது. கறுப்பாக, அரிசிக்குள்ளே நெளிந்துகொண்டு. அதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் ஊரும். கிடங்குக்காரர்கள் வண்டுக்கு ஒரு மாத்திரை போடுவார்கள். ஈரக் காற்றுப் பட்டதும் அதிலிருந்து ஒரு புகை கிளம்பும். மூட்டைக்கு நடுவே வைத்து, சன்னல் சந்தெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி மூடிவிட வேண்டும். சில நாளைக்கு ஒருவரும் உள்ளே போகக் கூடாது என்று டப்பாவிலேயே மண்டையோடு படம் போட்டிருக்கும். விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் நல்லையாவிடம் சாவி வாங்கிப் போய், நானே என் கையால் அதைத் துணியில் கட்டி, தார்ப்பாய்க்கு அடியில் என் மூட்டைகளில் வைத்தேன். சந்துகளை நானே ஒட்டினேன். என் பங்குக்கு மேல் மூட்டை இருந்ததால் கூட ஆள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் விசேஷத்தன்று காலையில் நல்லையா கதவைத் திறந்ததும் என் முகத்தில் அடித்தது. பூண்டும் கெட்டுப்போன மீனும் கலந்த மாதிரி ஒரு வாடை. மற்றவர்களுக்கு அந்த ஊரில் எல்லாமே அப்படித்தான் நாறியது. எனக்குத் தனியாகத் தெரிந்தது. பவுனம்மாள் ஏன் உள்ளே என்று கேட்டபோது அந்த வாடை என் மூக்கில் இருந்தது. சேர்மனிடம் சொன்னால் கூடுதல் மூட்டை வெளியே வரும். நல்லையாவிடம் சொன்னால் அவர்களுக்கு வந்த அரிசியை நான் என் பங்காகப் பதுக்கியது ஊருக்கே தெரியும். விசேஷம் நிற்கும். அரை மணி நேரம்தானே என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் தப்பில்லை, ஹெலிகாப்டர்தான் தாமதம்.

அன்று சாயங்காலமே ஓடைக்கரையில் புதைத்தோம். புயலில் போனவர்களோடு சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் பிந்திப் போனவர்கள், அவ்வளவுதான். பாலா குழிக்குள்ளிருந்து ஏறி வந்து என் எதிரே நின்றான். கையெல்லாம் சேறு.

“தண்ணியில செத்தவங்கள நான் தூக்கிப் போட்டிருக்கேன் முதலாளி. அம்மா அப்படி இல்ல. உள்ள என்ன இருந்துச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும் பாலா? கிடங்கு நல்லையா பொறுப்பு.”

அவன் இன்னும் கிட்டே வந்தான். அவன் உடம்பிலிருந்து வந்த வாடை தாங்காமல் நான் ஓரடி பின்னால் போனேன். அதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கிடங்கில் அரிசி இருந்ததைப் பிழைத்தவர்கள் பார்த்துவிட்டார்கள். யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். நிவாரண அரிசியைப் பதுக்கினார் என்று நல்லையாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் சாட்சி சொன்னேன். கேட்டதற்கு மட்டும்தான் சொன்னேன். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார்கள், நல்லையாவிடம் என்றேன். அது உண்மை. ஊர் ஜனங்களே அவர் மேல் மண்ணள்ளி எறிந்தார்கள். அவர் வந்து சொன்னதால்தானே உள்ளே போனார்கள். படகில் ஏற்றும்போது என் பக்கத்தில் வந்து, “நீங்க சொன்னதத்தான் நான் அவங்ககிட்டச் சொன்னேன்,” என்றார். கோபமில்லை. ஏதோ ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார். அவ்வளவு வயசானவர் இடுப்பில் அப்படி ஒரு அழுக்கு வேட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. விசேஷத்தன்று காலையில் நாங்கள் கட்டிவிட்ட வெள்ளை வேட்டிதான்.

மூட்டைகள் சாட்சிப் பொருள் என்று என் படகில்தான் ரங்கூனுக்கு வந்தன. அதற்குப் பிறகு அவற்றைக் கேட்டு யாரும் வரவில்லை. அந்த மாதக் கடைசியில் நடந்த அரசியல் சட்ட வாக்கெடுப்புக்கு ஓட்டுச்சாவடிப் பந்தல் முழுவதும் எனக்குக் கிடைத்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். நீங்கள் வரும்போது கூடத்தில் பார்த்திருப்பீர்கள்.

பாலா வேலையை விட்டு ஷ்வேபிதாவில் ஏதோ ஃபாக்டரிக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை ஜெயிலுக்குப் போய் நல்லையாவைப் பார்ப்பான் என்று கேள்விப்பட்டேன். போன தையில் நல்லையா உள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால்தான் பாலா உங்களிடம் வந்திருக்கிறான். அவனிடம் என்ன இருக்கிறது. மாத்திரை வைத்ததைப் பார்த்தவர் இல்லை. நான் அதைப் பற்றி ஒரு ஆளிடமும் வாய் திறந்ததில்லை, இப்போது உங்களிடம்தான். அவன் பேச்சுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், கட்சிக்காரர்கள் கேட்டால் சொல்ல உதவும். ராணி என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் தேடிப் போகவில்லை. நல்லையா போன மறுமாதம் துணி மூட்டையோடு தானாகவே வந்து, அடுப்படி வேலை இருந்தால் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். யார் கொடுப்பார்கள். குளித்துச் சுத்தமாக இருக்கிறாள், கை மணக்கச் சமைக்கிறாள். நீங்கள் குடித்த டீயும் அவள் போட்டதுதான். வந்த நாளிலிருந்து குனிந்த தலை நிமிர்ந்ததில்லை, அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாலா பின் கட்டுக்கு வந்து அவளிடம் ஏதோ பேசிவிட்டுப் போவான். அவள் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அண்ணன் புத்தி அவளுக்கு இல்லை.

மகளின் பேறுகாலத்துக்கு நூருன்னிசா மௌலமியைன் போயிருக்கிறாள். வீட்டில் இப்போது நானும் ராணியும்தான். போன வாரம் நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது வந்து நின்றாள். என் படுக்கையறைக்கு அடுத்த அறையில் அரிசி மூட்டைகள் இருக்கின்றன, வண்டு விழுந்துவிட்டது, அதற்கு ஏதோ மாத்திரை உண்டாமே, உங்களுக்குத் தெரியுமா முதலாளி என்று கேட்டாள். வண்டு என்றதும் கையை இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். தெரியும் என்றேன். அவளுக்குக் கடையில் கொடுக்கமாட்டார்கள் என்று நானே போய் வாங்கி வந்து கையில் கொடுத்தேன். துணியில் எப்படிக் கட்ட வேண்டும், எங்கே வைக்க வேண்டும், சந்துகளை எப்படி ஒட்ட வேண்டும், எத்தனை நேரத்தில் புகை பிடிக்கும், எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். புரியாமல் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்றால், எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அதனால் சொல்கிறேன் தம்பி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தொந்தரவும் வராது. ராணி மனசில் என் மேல் ஒன்றும் இல்லை. இருந்தால் அந்த மாத்திரையைக் கேட்டு என்னிடமே வந்திருப்பாளா.